அஞ்சலை அசைந்த படம்

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றிருந்தேன். வெளியே பத்துப் பன்னிரண்டு பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். யாரோ ஒரு பெரியவர், ஆக வேண்டியதைப் பாருங்கப்பா என்று கரகரத்த குரலில் சொன்னார். கடற்காற்று துணியை இழுத்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தேன். எல்லாம் வழக்கப்படிதான் நடந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு வித்தியாசம். நாற்காலியில் பட்டுப்புடவை கட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அஞ்சலை சாகவில்லை.

இது என்னையும் அவளையும் தவிர அந்தக் குப்பத்தில் யாருக்கும் தெரியாது. எனக்குமே அந்த நிமிஷத்தில் மறந்து போயிருந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

போன வாரம் இந்தத் தொடரில் கேமரா வாங்கிய கதையோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, நீங்கள் எடுத்ததிலேயே நல்ல படம் எது என்று இரண்டு மூன்று பேர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நல்ல படம் என்று நான் எடுத்தது ஒன்றுதான். அதுவும் கெட்டுப்போன படம். அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். அவசரக்காரர்கள் அடுத்த பக்கத்தில் சமையல் குறிப்பு படிக்கலாம்.

சாவு பாய்

செங்கல்பட்டில் ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில் என் கடை. எதிர்வரிசையில் இன்னொரு ஸ்டூடியோ. அங்கே துணியில் வரைந்த நிலா இருந்தது, அட்டையில் செய்த மோட்டார் கார் இருந்தது. கல்யாண ஜோடிகள் அந்தக் காரில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். என் கடையில் ஒரு நாற்காலியும் நானும் இருந்தோம்.

அந்தக் காலத்தில் போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கம் முக்கால்வாசிப் பேர் நம்பினார்கள். ஆனால் வீட்டுச் சுவரில் மாட்டிப் பொட்டு வைக்க ஒரு படம் வேண்டும். என்ன செய்வது? ஆள் போன பிறகு எடுப்பார்கள். குறைவதற்கு இனி ஆயுசு இல்லை அல்லவா. குளிப்பாட்டி, நல்ல துணி உடுத்தி, நாற்காலியில் உட்கார வைத்து, முதுகோடு ஒரு வேட்டியால் கட்டி, கட்டு தெரியாமல் மாலையைப் போட்டு, சொந்தக்காரர்கள் சுற்றி நிற்பார்கள். போட்டோக்காரரைக் கூட்டி வர ஆள் ஓடும்.

எதிர்க்கடைக்காரருக்குப் பிணம் என்றால் காய்ச்சல் வந்துவிடும். உண்மையாகவே வந்தது, மூன்று நாள் படுத்திருந்தார். அவருக்குப் பதிலாக ஒரே ஒரு தடவை, பக்கத்துத் தெரு என்பதற்காக நான் போனேன். அதோடு முத்திரை விழுந்துவிட்டது. மதுராந்தகத்திலிருந்து கடற்கரைக் குப்பங்கள் வரை யார் செத்தாலும், கூப்பிடு அந்த சாவு பாயை என்றார்கள்.

அப்புறம் உயிரோடு இருக்கிற எவன் என் கடை வாசலை மிதிப்பான்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மார்கள் என் கடை வந்ததும் எதிர்ப்பக்கம் போய் நடப்பார்கள். சரி, எங்கள் பள்ளிவாசல் ஆட்களாவது வருவார்களா என்றால், படம் பிடிப்பதே ஆகாது என்று சொல்கிற பெரியவர்கள் அங்கே இருந்தார்கள். ஒரு பக்கம் பயந்து வரவில்லை, மறு பக்கம் பாவம் என்று வரவில்லை. மிச்சம் இருந்தவர்கள் இறந்தவர்கள். அவர்களில் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

என் கடை ஷோகேஸில் உயிருள்ள முகம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் மச்சினனுடையது. அவன் பினாங்குக்குப் பிழைக்கப் போனதும், அவனும் போய்விட்டான் போல என்று கடைத்தெருவில் முடிவு கட்டினார்கள். இரண்டு பேர் துக்கம் விசாரிக்கவே வந்தார்கள்.

தொழிலில் ஒரு வசதி இருந்ததை மறைக்கக் கூடாது. பிணம் அசையாது. லென்ஸ் துவாரத்தை நன்றாகச் சுருக்கி, மூடியை எடுத்துவிட்டு நிதானமாக நாலு எண்ணலாம். ஒவ்வொரு நரை முடியும் விழும். ஆனால் சுற்றி நிற்பவர்கள் விசும்புவார்கள், மூக்கைத் துடைப்பார்கள். அவர்கள் எல்லாம் கலங்கிவிடுவார்கள். என் படங்களில் செத்தவர் மட்டும் தெளிவாக இருப்பார்.

எனக்கோ உள்ளுக்குள் வேறு ஆசை. ஸ்டேஷன் புத்தகக் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை நின்றபடியே முழுசாகப் பார்த்து முடித்திருந்தேன். அதில் ஒரு பெண்ணின் முகம், பாதி வெளிச்சத்தில், பாதி இருட்டில். அதைப் பார்த்த நாளிலிருந்து, உயிரோடு இருக்கிற ஒரு முகம், ஒரே ஒரு முகம் கிடைத்தால் போதும், அதை ஷோகேஸில் வைத்து இந்த ஊரை ஜெயித்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரிடம்? என் மனைவி ஜைத்தூனிடம்தான். அவளுக்கு வேறு வழியில்லை, கேட்டாள்.

ஜைத்தூன் திறந்த கண்கள்

ஜைத்தூனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. இறந்தவருக்குக் கண் மூடியிருக்கும். வீட்டார் கண் திறந்த படம்தான் வேண்டும் என்பார்கள். அந்தக் கண்ணைத் திறக்கிறவள் ஜைத்தூன். ஜன்னலோரம் நெகட்டிவைச் சாய்த்து வைத்து, ஊசிமுனை பென்சிலால் டச்சிங் செய்வாள். கருவிழி, வெள்ளை விழி, ஒரு சொட்டு மினுக்கு எல்லாம் வந்துவிடும்.

ஆனால் யாருக்குத் திறந்தாலும் அவளுக்குத் தெரிந்த கண் ஒன்றுதான், அவளுடைய சொந்தக் கண். அதிலும், ஜும்மா முடிந்து கறி வாங்காமல் நான் வீடு திரும்பினால் ஒரு பார்வை பார்ப்பாளே, அந்தப் பார்வை. ஜில்லா முழுக்க எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரிலிருந்து யாராவது ஒரு தாத்தா என்னை அப்படிப் பார்ப்பார். எனக்கு வீட்டில் இருப்பது போலவே இருக்கும்.

கருவாட்டுக் கூடை

ஒரு சந்தை நாளன்று மத்தியானம் அஞ்சலை என் கடைக்குள் வந்தாள். சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்துக்காரி, கருவாடு கொண்டுவந்து செங்கல்பட்டில் விற்கிறவள். ஐம்பதைத் தொட்டிருப்பாள். நல்ல உயரம், அகலம், வெற்றிலைச் சிவப்பு வாய், தெருமுனையில் பேசினால் ஸ்டேஷனில் கேட்கும் குரல். கூடையை உள்ளே வைத்தாள். அன்று காயப் போட்டிருந்த படங்களில் ஒரு வாரத்துக்கு வாளைக் கருவாடு மணத்தது.

அவளுடைய அக்கா போன வருஷம் இறந்தபோது படம் எடுத்தவன் நான். அதற்குத்தான் சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்தது பாதி சரி. அவள் அக்கா பசுவைப் போலச் சாது, ஒரு நாளும் யாரையும் முறைத்தது கிடையாது, சுவரில் தொங்குகிற பொம்பளை யார் என்றே தெரியவில்லை என்றாள். உள்ளறையில் ஜைத்தூனின் பென்சில் நின்றது எனக்குக் கேட்டது.

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள். வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் வருகிற வியாழக்கிழமை அறுக்கிறார்கள். அறுத்துப் பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இன்றைக்கு வலையில் நெத்திலி கொஞ்சம்தான் என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

"செத்தப்புறம் எட்த்தா அது என் மூஞ்சா பாய்? அது சாவோட மூஞ்சி. அத்த வாணாம். இப்ப கீற மூஞ்சிய எட்த்துக் குடு. திரும்பி வந்தா நான் பாத்துக்கறன். வரலன்னா எம்மவன் பாத்துக்கட்டும்."

உண்மையை எழுதுகிறேன், திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். அவள் வயிற்றுக் கட்டியைப் பற்றிச் சொன்னபோது நான் அவள் கன்னத்து எலும்பில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு விடுகிற ஒரு ஆள் என்னிடம் படம் எடுத்துக்கொள்ள வந்திருக்கிறாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதற்கு அன்றே வெட்கமாகவும் இருந்தது.

இங்கேயே உட்கார், இப்போதே எடுக்கிறேன் என்றேன். கருவாட்டுச் சேலையோடு எடுத்துக்கொள்ள மாட்டேன், பட்டுப்புடவை வீட்டில் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை காலையில் குப்பத்துக்கு வா என்றாள். காலையில்தான் வர வேண்டும், மகன் தேசிங்கு கடலில் இருப்பான். அவனுக்குத் தெரிந்தால் விடமாட்டான். அப்பனைக் கடல் கொண்டு போனபின் அம்மா ஒருத்தியைத்தான் அவன் உலகத்தில் பெரிதாக நினைத்திருந்தான். கத்தி வைக்கிற வாரத்தில் போட்டோ எடுத்து இருக்கிற ஆயுசையும் குறைத்துக்கொள்வாயா என்று குதித்திருக்கிறான். கல்யாணமாகி இரண்டு பிள்ளைக்கு அப்பன், ஆனாலும் இந்த விஷயத்தில் சின்னப் பிள்ளை என்றாள் அஞ்சலை.

நாற்காலி

செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறினேன். கேமராப் பெட்டியையும் அதை நிறுத்துகிற முக்காலியையும் மேலே ஏற்றிய கண்டக்டர் வழக்கம்போல எந்த ஊரில் என்று கேட்டார். சதுரங்கப்பட்டினத்துக் குப்பம், அஞ்சலை வீடு என்றேன். உச்சுக் கொட்டி, நல்ல பொம்பளை என்றார். ஆமாம், நல்ல முகம் என்றேன் நான். என் கலையைப் புரிந்துகொள்கிற ஒரு கண்டக்டர் கிடைத்தாரே என்று நினைத்துக்கொண்டேன்.

திருக்கழுக்குன்றத்தில் பஸ் கால் மணி நேரம் நிற்கும். நான் நிம்மதியாக நாஸ்தா சாப்பிட்டேன். அந்தக் கால் மணியில் கண்டக்டர் யார் யாரிடம் என்ன சொன்னார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. எனக்கு முன்னால் போன ஒரு லாரியில் சேதி ஏறிவிட்டது.

குப்பத்தில் அஞ்சலை தயாராக இருந்தாள். அரக்குப் பட்டு, தலை நிறைய கனகாம்பரம், முகத்தில் மஞ்சள். வீட்டுக்குப் பின்னால் டச்சுக்காரன் கோட்டைச் சுவர், முன்னால் மணலும் கடலும். இந்த வெளிச்சத்துக்காக அந்தப் பத்திரிகைப் படம் எடுத்த வெளிநாட்டுக்காரன் கப்பல் ஏறி வருவான் என்று தோன்றியது. உட்கார நாற்காலி மட்டும் இல்லை.

கை வைத்த நாற்காலி அந்த ஊரில் ஒன்றே ஒன்று, ஊர்த் தலைவர் வீட்டில். வெளியூர் அதிகாரி வந்தால் எடுப்பார்கள், சாவு விழுந்தால் எடுப்பார்கள். நான் போய், அஞ்சலை வீட்டுக்கு நாற்காலி வேண்டும் என்றேன். தலைவர் மனைவி என் முகத்தைப் பார்த்தாள், வாசலில் நான் வைத்திருந்த முக்காலியைப் பார்த்தாள், வாயில் கை வைத்துக்கொண்டாள். உடனே நாற்காலியைத் துடைத்து என் தலையில் ஏற்றிவிட்டாள்.

தெருவழியே நாற்காலியைச் சுமந்துகொண்டு வந்தேன். ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் வெளியே வந்து நின்றார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த கிழவர் எழுந்து நின்று தலைத்துண்டை அவிழ்த்தார். நானும் எத்தனையோ ஊருக்குப் போயிருக்கிறேன், ஒரு கலைஞனுக்கு இவ்வளவு மரியாதை எங்கேயும் பார்த்ததில்லை என்று நெகிழ்ந்து போனேன். சிலர் கொண்டையை அவிழ்த்ததைக் கூட, குளிக்கப் போகிறார்கள் போல என்று எடுத்துக்கொண்டேன்.

சேவல்

முதல் கண்ணாடி பிளேட் சுலபமாக முடிந்தது. கையை மடியில் வை என்றேன், வைத்தாள். அசையாதே என்றேன், அசையவில்லை. நாலு எண்ணி மூடியைப் போட்டேன்.

இரண்டாவது பிளேட்தான் எனக்கு முக்கியம். பாதி வெளிச்சம், பாதி நிழல். நாற்காலியைத் திருப்பி வைத்தேன். மணலிலிருந்து அடித்த வெளிச்சக் கூச்சத்தில் அஞ்சலைக்குக் கண் சுருங்கியது. நான் சொல்கிறவரை கண்ணை மூடி வைத்துக்கொள், சொன்னதும் திற, ஆனால் தலை ஒரு நூல்கூட நகரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத் துணிக்குள் நுழைந்தேன்.

காற்றில் முக்காலி ஆடியது. ஃபோகஸ் வருவேனா என்றது. அப்போதுதான் ஒப்பாரி ஆரம்பித்தது.

வேறு போட்டோக்காரராக இருந்தால் துணியை உதறிவிட்டு வெளியே வந்திருப்பார். எனக்கோ வேலை நேரத்தில் ஒப்பாரி கேட்டுப் பழகிய காது. கேட்டதும் ஃபோகஸ் தானாக வந்தது. ஒரு தடவை தலையை வெளியே நீட்டி, அழுகிறவர்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், நிழல் விழுகிறது என்று சொன்னதும் உண்டு. அவர்களும் தள்ளி நின்றார்கள். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அஞ்சலை ஏன் கண்ணைத் திறக்கவில்லை? பிற்பாடு கேட்டேன். நீதானே அசையாதே என்றாய், அதுவும் இல்லாமல் கேட்பதற்கு நன்றாக இருந்தது என்றாள். ஒருத்தி அவள் கையால் வைத்த மீன் குழம்பைப் பாடியிருக்கிறாள். ஒருத்தி புயல் வருஷத்தில் அவள் வீட்டில் ஊரே ஒண்டியதைப் பாடியிருக்கிறாள். இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லாத வாய்கள்.

கடைசியாகக் குப்பம்மா வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. ஒரு சேவல் காணாமல் போனதிலிருந்து மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. குப்பம்மா ஒப்பாரியில் கெட்டிக்காரி, வெளியூரிலிருந்தெல்லாம் கூப்பிடுவார்கள். அவள் குரல் எழும்பியதும் மற்றவர்கள் அடங்கினார்கள். நான் மூடியை எடுத்தேன். ஒன்று.

"கூடை சுமந்தவளே, கொரலாலே ஊர் ஆண்டவளே..."

இரண்டு.

"சேவலைக் காணமுன்னு தெருத்தெருவா ஏசினியே..."

மூன்று. கண்ணைத் திற என்று சொல்ல மறந்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பாவி நான் தின்னேனே, பங்கொன்னு வெக்கலியே..."

நான் சொல்லாமலே அஞ்சலையின் கண் திறந்தது. தலை திரும்பியது. கை எழும்பியது.

"அட்ப்பாவி, நீயாடி?"

நாலு. பழக்க தோஷத்தில் மூடியைப் போட்டுவிட்டேன்.

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. பெண்கள் எட்டுத் திக்கிலும் ஓடினார்கள். ஒருத்தி கருவாட்டுப் பந்தலோடு சேர்ந்து விழுந்தாள். வலைக்காரக் கிழவர் மட்டும் ஓட முடியாமல் நின்ற இடத்தில் கும்பிட்டார். குப்பம்மா வாயை மூடக்கூட மறந்து நின்றாள். அஞ்சலை முதலில் கத்தினாள், பிறகு குப்பம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கட்டி இருந்த இடத்தில் வலித்தது போலிருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஐயோ வலிக்குதே, ஐயோ வலிக்குதே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

தேசிங்கு

சாவு விழுந்தால் அந்தக் குப்பத்தில் யாரும் கடலில் இருக்கக் கூடாது. நாற்காலி தெருவில் போனதுமே கரையிலிருந்து துணியை வீசிக் காட்டிவிட்டார்கள். அன்று பார்த்து நெத்திலி கூட்டம் கூட்டமாக வந்திருந்ததாம். மாமல்லபுரம் பக்கம் போயிருந்த கட்டுமரங்கள்கூட வலையை அறுத்துவிட்டுத் திரும்பின.

முதலில் ஓடி வந்தவன் தேசிங்கு. உடம்பெல்லாம் உப்புத் தண்ணீர். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்தான். அப்படியே மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அழுது முடித்ததும் எழுந்து என் கேமராவிடம் வந்தான்.

"பொட்டி மேல கை வெச்ச, நான் நெசமாவே செத்துடுவன்" என்றாள் அஞ்சலை.

கையை எடுத்துக்கொண்டான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நாக்காலி போட்டாச்சி, ஒப்பாரி வெச்சாச்சி, போட்டோ பிட்ச்சாச்சி. எல்லாத்தையும் முட்ச்சிட்டீங்க. இனிமே எங்கம்மாக்கு இன்னா பாய் மிச்சம் கீது?"

ஊர்த் தலைவர் மீன் போன கோபத்தில் இருந்தார். இனி ஊர் ஆள் யாராவது நேரில் வந்து கூப்பிட்டால் ஒழிய அந்தப் பெட்டியோடு குப்பத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று எனக்குத் தீர்ப்புச் சொன்னார். நாற்காலியை நானே சுமந்து போய்த் திருப்பிக் கொடுத்தேன். இந்தத் தடவை யாரும் எழுந்து நிற்கவில்லை.

இரண்டு படங்கள்

புதன்கிழமை பிளேட்டுகளைக் கழுவினேன். முதல் படம் அற்புதமாக விழுந்திருந்தது. பட்டின் இழை, காதோரத்து நரை, கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெளிவு. கண் திறந்துதான் இருந்தது. ஆனாலும் ஏதோ சரியில்லை. ஜைத்தூன் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கண்ணை நான் எப்போது திறந்தேன் என்று கேட்டாள். விளங்கிவிட்டது. நாலு வருஷப் பழக்கத்தில் உயிருள்ளவளையும் நான் பிணமாகத்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

இரண்டாவது பாழ். நாற்காலி மட்டும் தெளிவு. அஞ்சலைக்கு ஒன்றரை முகம், வாய் இருக்கிற இடத்தில் ஒரு கலங்கல், தூக்கிய கை புகையாக ஓடியிருந்தது. பிளேட்டை உடைக்கப் போனேன். ஜைத்தூன் வாங்கி வைத்துக்கொண்டாள்.

"ரெண்டயும் பிரிண்டு போட்டு எடுத்துட்டுப் போங்க. பாக்கப் போறது அவங்க."

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி பெஞ்சில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். வெற்றிலை போடாத வாயோடு பார்க்கப் பாதி ஆளாகத் தெரிந்தாள். பக்கத்தில் தேசிங்கு, என் பக்கம் திரும்பவே இல்லை. முதல் படத்தைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். நன்றாக இருக்கிறது, எங்கள் அக்காவைப் போலவே இருக்கிறது என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டாள். ஆடிப்போன படம் எங்கே என்றாள். தயங்கித் தயங்கி நீட்டினேன்.

பார்த்தாள். தோள் குலுங்க ஆரம்பித்தது. மகன் மூக்குக்கு நேரே பிடித்தாள். அவன் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தான், முடியவில்லை.

"தே பாரு, சேவல் திருடினவள கண்டுபுட்ச்ச நேரம். இதான்டா நானு. இத்த வூட்ல மாட்டு."

ஆயா வந்து பெயரைக் கூப்பிட்டாள். படத்தை மகன் கையில் கொடுத்துவிட்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் அஞ்சலை உள்ளே நடந்தாள்.

நானும் தேசிங்கும் அதே பெஞ்சில் இருந்தோம். இவளுக்கு ஏதாவது ஆனால் நான்தான் காரணம் என்று இந்த ஊர் முழுக்கச் சொல்லும், நானும் நம்பிவிடுவேன் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த துவா எல்லாம் ஓதினேன். பக்கத்தில் அவன் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நடுவில் நடுவில் படத்தைப் பார்ப்பான், கவிழ்த்து வைப்பான்.

மத்தியானம் நர்சம்மா வெளியே வந்து, கட்டியை எடுத்தாகிவிட்டது, ஆள் நன்றாக இருக்கிறாள், கண் முழித்ததும் வெற்றிலை கேட்கிறாள் என்றார். தேசிங்கு என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். என் சட்டையில் மீன் வாடை ஏறியது. அன்றைக்கு அதை மாற்ற மனமில்லை.

அஞ்சலையிடம் கேட்டுக்கொண்டு அந்தப் படத்தை ஷோகேஸில் வைத்தேன். தெருவில் போகிறவர்கள் நின்று சிரித்தார்கள். சந்தை நாட்களில் அவளே வந்து அதன் பக்கத்தில் நின்று, நான்தான் இது, போட்டோ எடுத்த பிறகும் எப்படி இருக்கிறேன் பார் என்று சத்தம் போட்டாள். உயிரோடு இருக்கிறவர்கள் மெல்ல மெல்ல என் கடைக்குள் வந்தார்கள். முதல் ஆள் குப்பம்மா. எனக்கும் அதே மாதிரி அசைகிற மாதிரி எடு என்றாள். மூன்று பிளேட் செலவழித்தேன், கடைசிவரை அசையவே இல்லை.

பெட்டி

சில வருஷம் போனது. ஒரு மழைக்காலத்துக் காலையில் தேசிங்கு கடை வாசலில் நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கட்டி அல்ல, காய்ச்சல், மூன்றே நாள் என்றான். ஊர்த் தலைவர் சொன்னபடி நேரில் வந்து கூப்பிட்டான். நான் பெட்டியை எடுத்துக்கொண்டேன். இருவரும் பஸ் ஏறினோம்.

அதே வாசல், அதே நாற்காலி, அதே அரக்குப் பட்டு. முக்காலியை மணலில் ஊன்றினேன். பெட்டியின் கொக்கியைத் தொட்டதும் தேசிங்கு என் கையைப் பிடித்தான்.

"வாணாம் பாய். உன்ன இட்டாரணும், பொட்டிய மட்டும் தொறக்க வுடக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டுப் போச்சி."

அப்படியானால் பெட்டியோடு எதற்குக் கூட்டி வந்தாய் என்று கேட்டேன். அவன் கீழே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பொட்டி இல்லாம கூப்டா நீ வருவியோ மாட்டியோன்னு எனக்குத் தெர்ல."

அவன் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. அதுவரை எந்தச் சாவுக்கும் நான் பெட்டி இல்லாமல் போனது கிடையாது.

துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கிற கேமராவின் தேய்த்த கண்ணாடியில் உருவம் தலைகீழாகத்தான் விழும். கால் மேலே, தலை கீழே. அத்தனை வருஷத்தில் நான் பார்த்த அத்தனை இறந்த முகங்களையும் அப்படித்தான் பார்த்திருந்தேன். அன்றைக்கு நாற்காலிக்கு முன்னால் போய் நின்று அஞ்சலையை நேராகப் பார்த்தேன். பிடித்துக்கொள்ளக் கையில் எதுவும் இல்லை. தேசிங்கு பக்கத்தில் வந்து நின்றான். அந்த வீட்டு ஆண்களோடு ஒருவனாக நின்று அழுதேன்.